வேறு தொந்தரவு: இல்லை

ஜூன் 9, திங்கள்

இன்று ஆஸ்பத்திரியில் கிருபாசங்கர் விழித்த விழியை எழுதி வைக்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஆராய்ச்சித் தாள்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவன். கழுத்தில் அட்டை, சட்டைப் பையில் நாலு பேனா. "ஐயா, இங்க ரேகை வைங்க" என்று மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான். நான் அதை அவன் பக்கமே தள்ளினேன். நாலு பேனாவில் ஒன்றை உருவி மயில்சாமி என்று போட்டேன். மாடு வாய் திறந்து பேசினது போலப் பார்த்தான்.

பார்க்கட்டும். எழுபத்தொரு வயசு வரைக்கும் என் பேர் என் கட்டைவிரலில் இருந்தது. போன வருஷம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்தாக்கிக்கொண்டேன்.

ஆராய்ச்சி இதுதான். சர்க்கரை வந்தவர்களுக்குப் பாதம் எரியும். அதற்குப் புது மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு உள்ளே மருந்தே இல்லாத வெத்து மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். பன்னிரண்டு வாரம். தினமும் தாளில் எழுத வேண்டும். மாத்திரை போட்டாயா, வலி பத்துக்கு எத்தனை, வேறு தொந்தரவு உண்டா.

கிணத்துக்கடவிலிருந்து என்னோடு லட்சுமணசாமியும் வருகிறான். திரும்பும்போது பஸ்ஸில் கேட்கிறான், "ஏனுங்ணா, வெத்து மாத்திரைய எதுக்குங்ணா சோறு தின்னுபோட்டுத் திங்கச் சொல்றாங்க?" இவனை வைத்துத்தான் ஆராய்ச்சி.

ஜூன் 11

வலி 8. எரிச்சல் என்று எழுத நாலு தடவை அடித்தேன். ஐந்தாவது தடவை சரியாக வந்ததும் அரை நாழி எரிச்சலே தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வலி 3!

ஆறு வருஷத்துக்குப் பிறகு காலின் மேல் போர்வை போட்டுத் தூங்கினேன். மகன் மோகன்குமார் சொல்கிறான், "வெத்து மாத்திரையாத்தான் இருக்கும்ங்ப்பா, எல்லாம் உங்க மனசு." பெரிய படிப்புப் படித்தவன். என் பாதத்தைக்கூட அவன்தான் படித்து வைத்திருக்கிறான் போல.

ஜூன் 23, திங்கள்

இரண்டாம் தடவை போனோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருத்தரும் ஒப்பாரி. பொள்ளாச்சி சாமியாத்தாளுக்கு நடந்தால் தரை ஆடுகிறது. லட்சுமணனுக்குக் காலையில் எழுந்தால் கண் இருட்டுகிறது, இரண்டு தடவை சுவரைப் பிடித்திருக்கிறான். "கால் எரிச்சல் போச்சு, தலை போயிரும்போல இருக்குதுங்ணா" என்கிறான்.

பெயர் கூப்பிட்டார்கள். டாக்டர் ரித்திகா. சின்ன வயசு, சிரித்த முகம். "எப்படிங்க இருக்கீங்க? ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?"

"ஒரு குறையுமில்லீங்கம்மா. உங்க புண்ணியத்துல நல்லாருக்குதுங்க."

இது லட்சுமணன்! பின்னாலேயே சாமியாத்தாள், "நல்லாருக்குதுங்க கண்ணு." அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதே பல்லவி. எழுதத் தெரியாதவர்களுடைய தாளில் கிருபாசங்கர் இல்லை, இல்லை, இல்லை என்று பதினாலு நாளுக்கும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டான். நெல் நாற்று நடுகிறவர்கள்கூட இந்த வேகத்துக்கு நட மாட்டார்கள்.

பஸ்ஸில் லட்சுமணனைப் பிடித்துக் கேட்டேன். "பொண்ணு பாக்கவா போனே? தொந்தரவக் கேட்டா தொந்தரவச் சொல்லோணும்."

"எப்படிங்ணா சொல்றது? அந்தப் புள்ள எவ்வளவு மருவாதியாக் கேக்குது. மாத்திரை குடுத்த மவராசி மூஞ்சிக்கு நேரா குறை சொல்லுவாங்களா?"

மரியாதையாம். இவர்களைப் பத்து வருஷம் ஆராய்ந்தாலும் இந்த நாட்டில் ஒருத்தருக்கும் ஒரு நோவும் இல்லை என்றுதான் முடியும்.

ஜூன் 28, சனி

காலையில் கட்டிலை விட்டு எழுந்தேன். வாசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். இருபது எண்ணின பிறகுதான் தென்னை மரங்கள் நேரே நின்றன.

எழுந்த வேகமாக இருக்கும்.

தாளில்? இன்னும் யோசிக்கிறேன். நான் இன்னொருத்தர் படிப்பதற்காக எழுதுகிற முதல் எழுத்து இந்தத் தாள்தான். அந்த டாக்டரம்மா கண்ணால் படிப்பார். முதல் எழுத்தே குறையாகவா போக வேண்டும்? மாத்திரையை நிறுத்திவிட்டால் போர்வை?

வேறு தொந்தரவு: இல்லை. நன்றாக வந்திருக்கிறது. கடைசி 'லை'யின் வளைவு அச்சடித்தது போல.

ஜூலை 2

மறுபடியும். பல் விளக்கும்போது. தாளில், இல்லை.

ஜூலை 7, திங்கள்

டாக்டரம்மா என் தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்க, ஐயா எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க. ஒரு நாள்கூட விடல." கிருபாசங்கர்கூட எட்டிப் பார்த்தான். லட்சுமணன் கை தட்டினான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் இல்லை.

தலை சுற்றுகிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லைங்கம்மா என்றேன்.

ஜூலை 9

இன்று மாட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். இல்லை.

ஜூலை 12, சனி

லட்சுமணன் விழுந்துவிட்டான். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தானாம். பஸ் வருகிறதென்று எழுந்திருக்கிறான், அவ்வளவுதான். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். கட்டிலில் அவ்வளவு சின்னதாகக் கிடக்கிறான். என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொல்கிறான், "டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்ணா. பாவம், அந்தப் புள்ள வருத்தப்படும்."

வெளியே அவன் மகள் லாஸ்யா அழுதுகொண்டிருந்தாள். "மாத்திரையினால இருக்குமான்னு கேட்டேனுங்க பெரியப்பா. நம்ம பக்கத்துல ஒருத்தருக்கும் தலைசுத்தல் இல்லையாம். தானே எழுதற மயில்சாமி ஐயா தாள்லகூட இல்லைன்னு இருக்குதுன்னு கிருபாசங்கர் சார் சொன்னாருங்க. வயசானதால விழுந்துட்டாருன்னு எழுதப்போறாங்களாமா."

தானே எழுதுகிற மயில்சாமி ஐயா.

என்ன பண்ணிப்போட்டேன்? அவனாவது எழுதத் தெரியாதவன். வாயால் சொன்னான், காற்றோடு போச்சு. நான் நல்ல கையெழுத்தில் எழுதிக் குடுத்தனே! மாடு நான்தான். பேசத் தெரிஞ்சும் பேசாத மாடு.

ஜூலை 14, திங்கள்

முறைக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. இன்றே போனேன். தாள் மட்டும் எதற்கு? இந்த நோட்டையும் சேர்த்து டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். உள்ளே கிருபாசங்கரைப் பற்றி இருப்பதெல்லாம் நினைவு வந்தது. படிக்கட்டும்.

நோட்டு முழுக்க, அடித்ததையும் சேர்த்துப் படித்தார். நாற்று நடுகிற இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"ஐயா, இதைத் தாள்ல ஏங்க எழுதல?"

"உங்களுக்கு மனசு கஷ்டமாயிருமேன்னுங்க."

திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். கூடாதாம். எழுதினது எழுதினபடி தெரிய வேண்டும். மேலே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் நிஜம், அதன் கீழே இன்றைய தேதி, கையெழுத்து. ஒவ்வொரு பொய்க்கும் தனித்தனியாக.

மூன்று இடம். மூன்று தடவை என் பேரைப் போட்டேன். கிருபாசங்கர் தாளைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது போடும்போது அவன் பேனா மை தீர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து வேறு பேனா உருவிக் கொடுத்தான்.

லட்சுமணன் விழுந்ததை மருந்தோடு சேர்த்து மேலிடத்துக்கு எழுதுவதாக டாக்டரம்மா சொன்னார். எனக்கு மாத்திரை நின்றது.

ஜூலை 21, திங்கள்

வலி 8. போர்வை பெட்டிக்குள் போய்விட்டது.

மாத்திரை நின்றாலும் முறைக்குப் போய்க் காட்ட வேண்டும். டாக்டரம்மா இப்போது எப்படி இருக்கீங்க என்று கேட்பதே இல்லை. எல்லாரையும் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், எழுந்து நிற்க வைத்து மறுபடியும் பார்க்கிறார். "போன வாரம் எத்தனை வாட்டி செவுத்தப் புடிச்சீங்க?" என்று கேட்கிறார். சாமியாத்தாள் விரல் விட்டு எண்ணினாள். "செவுத்த நாலு வாட்டிங்க கண்ணு. மருமவளப் புடிச்சதையும் சேக்கோணுங்களா?"

கிருபாசங்கர் ஒவ்வொரு நாளாகக் கேட்டு எழுதினான். மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. அவனுக்கும் சோறு இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

லட்சுமணன் வீட்டுக்கு வந்துவிட்டான். இன்னும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவனுக்கென்று தனித் தாள் கொடுத்திருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் போய் நான் எழுதுகிறேன்.

"வலி எப்படி லட்சுமணா?"

"நல்லாருக்குதுங்ணா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

நான் பேனா மூடியைத் திறக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாஸ்யா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறும் வரைக்கும் அவன் மேலே ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒம்போதுங்ணா" என்றான்.

எழுதினேன்.