தவளைகள் அடங்கிய நேரம்

நவம்பர் 14, வெள்ளி

ஜெர்மனி மேல்படிப்பு விண்ணப்பத்தில் சொந்த ஆய்வு ஒன்று இருந்தால்தான் எடுபடும் என்று பேராசிரியர் சொன்னார். அதனால்தான் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளத்தங்கரையில் ரெக்கார்டரைக் கட்டி, ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தத்தைப் பதிவு செய்கிறேன். ஆள் யாரும் கிட்டே போகக் கூடாது. ஆள் அரவம் கேட்டால் தவளை வாயை மூடிவிடும்.

நேற்றைய பதிவை இன்று மத்தியானம் கேட்டேன். மழை விட்டதும் தவளைகள் காது கிழியக் கத்தின. திடீரென்று எல்லாம் அடங்கின. பிறகு மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்: "ஜெர்மனிக்கு நான் போவமாட்டேன்."

என் குரல். அந்த நேரம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியருக்குப் போன் செய்து, ஒரு இடத்தை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"வெட்டினா அது ஆய்வே இல்ல மக்கா. அப்படியே அனுப்பு, உனக்க பலமே அதுதான்."

என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "ஏட்டி, நேத்து ராத்திரி வெளிய எங்க போன? அடுக்களை வரைக்கும் சேறா கெடந்து."

தூக்கத்தில் நடந்திருப்பேன். அப்படித்தான் இருக்க வேண்டும். அதனால் இன்று கதவைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவு நேரமும் குளத்துத் தவளைகள் கட்டில் வரை கேட்டுக்கொண்டிருந்தன. இப்போது எல்லாம் சேர்ந்தாற்போல் அடங்கிவிட்டன.

நான் இங்கேதான் இருக்கிறேன்.