ஐம்பத்தெட்டு பவுண்டு

மூன்று வாரமாக என் வீட்டு முன்னறையில் உன் கடை வாசனை அடிக்கிறது. மோட்டார் காயிலுக்கு ஊற்றுவாயே, அந்த வார்னிஷ் வாசனை. முதல் நாள் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தேன். ஆடிக் காற்று வந்து கரிசல் புழுதியை உள்ளே கொட்டிவிட்டுப் போனதே தவிர வாசனை போகவில்லை. இப்போது போக வேண்டாம் என்று நானே ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்ட நீயே ஒரு எந்திரம் செய்தாயே, ஒரு சதுரக் கம்பி, ஒரு எடைக்கல், பழைய பம்புசெட்டில் கழற்றிய நாலு போல்ட் வைத்து, அதுதான் வந்திருக்கிறது. நீ போன பிறகு ஆறு மாதம் பூட்டிக் கிடந்த கடையை ஒழித்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டதாம். உன் வீட்டு மதினி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். “அண்ணாச்சி, மோட்டார் சாமான் எல்லாத்தையும் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கிட்டான். இத மட்டும் போட மனசு வரல. அவிய இதுலதான உங்க பேட்டக் கட்டுவாவ. உங்ககிட்டயே கெடக்கட்டும்” என்றார். காப்பி கூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் திரும்பிவிட்டார். தூத்துக்குடியில் நான் உன்னைப் பேசிய பேச்சை நீ வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லியிருந்தால் அவர் என் வாசலை மிதித்திருக்க மாட்டார்.

உன்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டவன் நான்தான். மில் கிளப்பில் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும் மோட்டார் எரிந்துபோய் அதைக் கழற்ற வந்தாய். கழற்றி வைத்துவிட்டு வேலியோரம் நின்று அரைமணி நேரம் பார்த்தாய். அன்றைக்கு நாலாவது ஆள் வரவில்லை. “ஏலே, வாரியா?” என்றேன். லுங்கியை மாற்ற ஒரு டிரவுசர் கிடைக்குமா என்று கேட்டாய். மூன்றே மாதத்தில் என்னை ஜெயித்தாய். காயில் சுற்றும்போது அரசியல் பேசிக்கொண்டே சுற்று எண்ணிக்கை தப்பாமல் எண்ணுகிறவனுக்குப் பந்தின் மேல் கண் வைப்பது ஒரு பெரிய காரியமா என்ன.

நம் கோர்ட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். செம்மண்ணும் சரளும் எத்தனை லோடு கொட்டி ரோலர் உருட்டினாலும் அடியில் இருப்பது கரிசல். பங்குனி பிறந்தால் வெடிப்பு மேலே வந்துவிடும். வெடிப்பின் விளிம்பில் பட்ட பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. அதனால் நமக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். வெடிப்பில் விழுந்தால் மறுபந்து, வாக்குவாதம் கிடையாது. தூத்துக்குடிக்காரர்கள் அதைக் கேலி செய்தபோது, “எங்க ஊரு மண்ணு அப்படி. நாங்க சண்ட போடாம இருக்கணும்லா?” என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சட்டத்தோடு நாம் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தோம். நான்தான் சென்னையிலிருந்து அந்த மட்டையை வரவழைத்தேன். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்று உறையில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். முந்நூற்று நாற்பது கிராம் கனம், சின்னத் தலை, நெருக்கமான நரம்பு. கையை முழுக்க வீசி நட்டநடுவில் பிடித்து அடித்தால், அடடா, பந்து பின்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே போய் நினைத்த இடத்தில் உட்காரும். எதிராளி எத்தனை வேகமாக அடித்தாலும் மட்டை கைக்குள் திரும்பாது. வெட்டி அடித்தால் பந்து தரையோடு தவழும். எல்லாம் நடுவில் பட்டால்தான். ஒரு விரற்கடை தள்ளிப் பட்டால் பந்து வலையைக்கூடத் தாண்டாது, அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறும். கால் ஓடுகிற வரைக்கும் அது ராஜா மட்டை. இரண்டாவது செட்டில் கால் அரை அடி பிந்தியதும் நம்மைக் காட்டிக்கொடுக்க ஆரம்பித்துவிடும்.

நீ அதை வாங்கிப் பத்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். “ஏலே, நல்ல பேட்டுதான். ஆனா இது பொய் சொல்லாத பேட்டு. நம்ம வயசுக்குக் கொஞ்சம் பொய் சொல்லுத பேட்டுதாம்லே நல்லது” என்றாய். உனக்குப் பொறாமை என்று நினைத்தேன். சிரிக்காதே, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நரம்பை ஐம்பத்தெட்டு பவுண்டு இறுக்கத்தில் கட்டச் சொன்னேன். இறுகக் கட்டினால் பந்து அடிக்கு அடங்கி நிற்கும், தளர்த்திக் கட்டினால் தானாகவே பறக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். இறுகினால் அதிர்வும் கூடும் என்பதையும் அங்கேயே எழுதியிருந்தார்கள். அந்தப் பகுதியைப் படித்தும் படிக்காத மாதிரி இருந்துகொண்டேன். ஒரே மாதத்தில் முழங்கை போயிற்று. டம்ளரைத் தூக்க முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. இனிமேல் ஆட்டத்தை மறந்துவிடுங்கள் என்றார் நம்மோடு ஆடும் டாக்டர். வீட்டில் என் மனைவி படமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, மகன் பெங்களூரில் இருந்தான். ஆட்டத்தை மறந்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு நான் யாரைப் பார்க்க எழுந்திருப்பது? உன்னிடம் அப்படிக் கேட்டேன். “ஐம்பதுக்கு எறக்கிக் கட்டுதேன், ஆடு” என்று மட்டும் சொன்னாய். ஐம்பது எல்லாம் பழகுகிற பிள்ளைகளுக்கு என்று நான் வீம்பு பிடித்தேன்.

மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி மட்டையோடு உன் கடைக்கு வந்தேன். எந்திரத்தின் கம்பியை நீ புரட்டிப் போட்டிருந்தாய். ஒரு பக்கத்தில் கிளப்பில் எல்லோருக்குமான வெட்டுக்கள், டாக்டருக்கு ஐம்பத்திரண்டு, மற்றவர்களுக்கு ஐம்பத்தைந்து என்று. மறுபக்கத்தில் ஒரே ஒரு வெட்டு. அதன் கீழே ஐம்பத்தெட்டு என்று உளியால் குத்தியிருந்தாய். “உன் பேட்டு தனி ரகம். அதாம்லே உனக்குத் தனிப் பக்கம்” என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எடைக்கல்லை அந்த வெட்டில் நீ நிறுத்தியதையும், கம்பி தாழ்ந்து நரம்பை இழுத்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கை வலிக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஏழு வருஷம் வலிக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் கையை உரமாக்கிவிட்டேன், மட்டை எனக்கு வசப்பட்டுவிட்டது என்று கிளப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு முறை நரம்பு கட்டிக் கொடுக்கும்போதும், ஆடி முடித்து நிற்கும்போதும், “கை வலிக்கா?” என்று நீ கேட்பாய். “எனக்கா!” என்பேன்.

அப்புறம்தான் தூத்துக்குடி. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான இரட்டையர் இறுதி ஆட்டம், நீயும் நானும் ஜோடி. மூன்றாவது செட், ஒரு புள்ளி போனால் எல்லாம் போச்சு. சுலபமான பந்து, நின்று அடிக்கலாம். முழுக்க வீசி அடித்தேன், கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே போய் விழுந்தது. மட்டையைத் தரையில் அடித்து எறிந்தேன். முந்நூறு பேர் இல்லாவிட்டாலும் முப்பது பேர் இருந்தார்கள். அவர்கள் காதுபட, “மோட்டாருக்குக் கம்பி சுத்துதவன்கிட்ட பேட்டக் குடுத்தா இப்படித்தான் ஆவும்!” என்று கத்தினேன். அது வெடிப்பில் விழுந்த பந்து இல்லை, மறுபந்து கேட்க. நீ குனிந்து மட்டையை எடுத்தாய், சட்டை நுனியால் மண்ணைத் துடைத்தாய், உறையில் போட்டு என் பையின் பக்கத்தில் வைத்தாய்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எட்டயபுரத்தில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து நீட்டினாய். நான் வலது கையால் வாங்கியதைப் பார்த்துக்கொண்டே, “கை வலிக்கா?” என்றாய்.

“கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நரம்புதான் சரியில்ல” என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மட்டையைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஒரு பெரிய கடையில் கொடுத்தேன். கணினி வைத்த எந்திரம், அதே நரம்பு, அதே ஐம்பத்தெட்டு. பத்தே நாளில் முழங்கை பழையபடி பிடித்துக்கொண்டது. கடைக்காரன் சரியாகக் கட்டவில்லை என்று அங்கேயும் ஒரு சண்டை போட்டேன். அவன் எந்திரத்தையே திருப்பிக் காட்டினான், ஐம்பத்தெட்டு என்றுதான் நின்றது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். உன்னிடம் வந்து வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. கிளப்புக்குப் போவதை நிறுத்தினேன். நீ ஒரு நாள் வீட்டுக்கு வந்தாய், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாய். “கோர்ட்டுக்கு வரலியே. கை வலிக்கா?” என்றாய். “அதெல்லாம் இல்ல. வீட்ல வேல இருக்கு” என்றேன். ஒண்டிக்கட்டை வீட்டில் என்ன வேலை என்று நீ கேட்கவில்லை. “சரிலே, வாரேன்” என்று போனாய். அதுதான் கடைசி. தை மாதம் ஒரு காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய் என்றார்கள்.

எந்திரம் வந்த இரண்டாம் நாள் நான் திருநெல்வேலி நரம்பை அறுத்துவிட்டு நானே கட்ட உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது, நாள் முழுக்க அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு. நாலு மணி நேரம் ஆயிற்று. முடிச்சு கோணல். ஆனால் எடைக்கல்லை என் வெட்டில்தான் நிறுத்தினேன். மறுநாள் காலை கிளப் சுவரில் தனியாக அடித்தேன். எதிரே நீ இல்லாததால் சுவர். ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம். கை வலிக்கவில்லை.

மில் லேபில் முப்பது வருஷம் நூலின் வலுவை அளந்து சம்பளம் வாங்கியவன் நான். அதே மட்டை, அதே நரம்பு, அதே ஐம்பத்தெட்டு. ஒன்று வலிக்கிறது, ஒன்று வலிக்கவில்லை என்றால் அளக்காமல் விடுவேனா? எதிர்வீட்டுப் பருத்தி வியாபாரியிடம் ஸ்பிரிங் தராசு வாங்கி வந்து கம்பியில் மாட்டினேன். எல்லோருக்குமான பக்கத்தை முதலில் பார்த்தேன். ஐம்பத்திரண்டு சரியாக இருந்தது, ஐம்பத்தைந்தும் சரி. பிறகு கம்பியைப் புரட்டி என் பக்கத்தைப் பார்த்தேன். இருபத்தாறு கிலோவுக்கு மேல் காட்ட வேண்டிய முள் இருபத்திரண்டரையைத் தாண்டி நகரவே இல்லை. ஐம்பது பவுண்டு. கம்பியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தராசே வேண்டாம். எடைக்கல் கம்பியின் நுனிக்குத் தள்ளிப் போகப் போகத்தான் இறுக்கம் கூடும்; என் ஐம்பத்தெட்டோ டாக்டரின் ஐம்பத்திரண்டுக்கு முன்னாலேயே நிற்கிறது. நூல் அளந்தவன் ஏழு வருஷம் பக்கத்தில் நின்றும் அதைப் பார்க்கவில்லை. தனிப் பக்கம் என்ற பெருமையில் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கிறாய். தூத்துக்குடியில் அந்தப் பந்து வெளியே போனதற்கு நீ தளர்த்திக் கட்டியதும் ஒரு காரணம்தானே, நான் கத்தியதில் பாதி உண்மை இருக்கிறதே என்று காலி அறையில் உன்னோடு சண்டை போட்டேன். சண்டையின் நடுவிலேயே புரிந்துவிட்டது. நீ அப்படிக் கட்டாமல் இருந்திருந்தால் தூத்துக்குடிக்கு வர எனக்குக் கையே இருந்திருக்காது. ஏழு வருஷக் காலைகள் இருந்திருக்காது. கத்தினேனே, அப்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். நான் தேர்ந்த ஆட்டக்காரன் இல்லை என்று அந்த முப்பது பேருக்கும் தெரிந்துபோகுமே என்று நீ வாயைத் திறக்கவில்லை. எந்திரத்தின் மேல் தலையை வைத்து அழுதேன். வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறி இருமல் வந்து, இருமிக்கொண்டே அழுதேன். தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாத வீடு.

இன்று காலை சுவரில் அடித்துக்கொண்டிருந்தபோது நம் டாக்டர் வந்தார். கோர்ட் பக்கம் அவர் வந்தே மாதக்கணக்கு ஆகிறது. மட்டையை வாங்கி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். “நல்லா இருக்கே. இப்ப யாரு கட்டித் தாரா? எவ்வளவுல?” என்றார்.

“அவன் எந்திரத்துலதான் கட்டுதேன். ஐம்பத்தெட்டு” என்றேன்.

“இந்த வயசுலயா? கை தாங்குதா?” என்று புருவத்தை உயர்த்திவிட்டுப் போனார். நீ எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்த பொய்யை இனி நான்தான் காப்பாற்ற வேண்டும். அந்த வெட்டை நான் திருத்தப் போவதில்லை.

அவர் போன பிறகும் வெகுநேரம் அடித்தேன். வெயில் ஏறி, சுவர் சுட ஆரம்பித்து, பந்தில் கரிசல் ஒட்டிக் கறுத்துப்போகிற வரைக்கும் அடித்தேன். நிறுத்தியதும் கோர்ட்டில் ஒரு சத்தமும் இல்லை. நீ கேட்கிற நேரம் அதுதான். கேட்க ஆள் இல்லாததால் நானே சுவரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்.

“வலிக்கலலே.”