மைக் ஜீப்பில் இவர் பேரு

1996 நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தையல் மெஷின் பெல்ட் அறுந்தது. இந்த மழையில் புதுசு வாங்கப் பாறசாலைக்கு யார் போவா?

சாயங்காலம் சர்ச்சில் கமிட்டி. ஞாயிற்றுக்கிழமை குடி விழிப்புணர்வுக் கூட்டம். போஸ்டர் வந்தாச்சு. பெரிய மண்டையோடு, கீழே 'குடி ஒரு நோய், நோயாளியை வெறுக்காதீர்'. மண்டையோட்டைப் பார்த்தா எந்த நோயாளி கிட்ட வருவான்? கேட்டேன். செக்ரட்டரி: "ஒரு பேடி, ஒரு பயம் வரணும்லா அக்கா, அதுக்காக்கும்." தலையில் அடிச்சுக்கலாம்.

அதில் இவரை, என் வீட்டுக்காரரை, பேசச் சம்மதிக்க வச்சது நான்தான். ஓணத்துக்கு முந்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், பிறகு குடியைத் தொடல்லை. ஒரே நிபந்தனை, பேரை முன்கூட்டிச் சொல்லப்பிடாது. எல்லாரும் தலையாட்டினாங்க.

14, வியாழன்

வெயில். சாளை கழுவிக்கிட்டிருந்தேன். ரோட்டில் மைக் ஜீப். முதலில் மலையாளம், பிறகு தமிழ். "கொல்லயில் ஊர் முழுதும் அறிந்த முன்னாள் குடியர், வொர்க்‌ஷாப் தாஸ், கண்ணீர் சாட்சி சொல்கிறார்! வாரீர்!" எங்க வாசலில் நிறுத்தி ரெண்டு தரம்.

மீன் கையோடே ஓடினேன். மைக்காரன் சுனில் சிரிக்கான். "பேரு சொன்னாத்தானே அக்கா ஆளு வரும்? செக்ரட்டரி எழுதித் தந்ததாக்கும்." வெட்கத்தைப் போக்கத்தான் கூட்டமாம்! வந்த வெப்ராளத்துக்கு ஜீப்பைக் கவுத்திருப்பேன்.

இவர் மத்தியானமே வந்துட்டாரு. வொர்க்‌ஷாப்பில் வண்டி விட வந்த ஒருத்தன், "கண்ணீரு ரெடியா அண்ணே?"ன்னானாம். சோறு வேண்டாம்.

15, வெள்ளி

வேலைக்குப் போகல்லை. கட்டிலே கதி. நாலு மணிக்குச் சட்டையை மாட்டிக்கிட்டு முக்குக்குப் போறேன்னாரு. முக்கில்தான் சாராயக்கடை இருந்தது. தடை வந்த பிறகும் ரகசியமாக் கிடைக்கும். எனக்கு உயிரே இல்லை. திரும்பி வந்தப்போ கையில் பீடிக்கட்டு மட்டும். வாயை மோந்து பார்க்கணும்னு இருந்தது. பார்க்கல்லை. இனி ஒருக்க விழுந்தா எழும்பமாட்டாரு, அதாக்கும் பயம்.

செக்ரட்டரி வீட்டில் போய்க் கத்தினேன். "நல்ல காரியம் நாலு பேரு அறியட்டுமே அக்கா"ன்னு டீ தாறாரு. குடிக்கல்லை. நாசமாப் போக.

வாங்கணும்: பெல்ட், வெள்ளை நூல், மண்ணெண்ணெய்.

17, ஞாயிறு

"போவாண்டாம்"ன்னேன். "போவாட்டி, குடிச்சிட்டுக் கிடக்கான்னு சொல்லுவானுவ. நட பிள்ளே, வாறேன்." வெள்ளைச் சட்டை. தேய்ச்சது நான்.

நல்ல கூட்டம். எல்லாம் வேடிக்கை பார்க்க. செக்ரட்டரி சால்வையைப் போட்டார். "மிருகமாய்க் கிடந்தவனை ஆண்டவர் மனுஷனாக்கினார்! பேசுங்க தாஸ், அழுகை வந்தா அழுங்க, வெட்கப்படாதீங்க."

இவர் மைக்கைப் பிடிச்சாரு.

"நான் அப்பவும் மனுஷந்தான். சுகமில்லாமக் கிடந்தேன். அவ்வளவாக்கும்."

சால்வையை மடிச்சு மேசையில் வச்சிட்டு இறங்கிட்டாரு.

ஒரு கைதட்டல் இல்லை. செக்ரட்டரி அவசரமாப் பாட்டுக்காரங்களுக்குக் கைகாட்டுறார். நான் எழும்பி நின்னு தட்டினேன், ஒத்தைக்கு, கை எரிய. மொத்தச் சனமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.