அசையாத குட்டி

மார்ச் 4, புதன்

இன்று எக்ஸ்ரே அறையில் நாற்பத்து மூன்று பேர். "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, ம்... விடுங்க." இதை நாற்பத்து மூன்று தடவை சொல்லியாயிற்று. ஒரு பெரியவர் ஒரே படத்துக்கு ஐந்து முறை அசைந்து என் உயிரை வாங்கிவிட்டார். இருபது வருடமாக இதே தொழில். என்னைக் கேட்டால் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: அசைகிறவர்கள், அசையாதவர்கள்.

வீட்டுக்கு வந்தால் இரண்டாம் வகை ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். காலையில் பார்த்த அதே நாற்காலி, அதே சன்னல். மதியச் சாப்பாடு மூடியது மூடியபடி. அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரம் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. முதல் நான்கு மாதம் வீடு வீடாக இல்லை. தட்டு பறக்கும். முதலாளியைத் திட்டுவார், என்னைத் திட்டுவார், பக்கத்து வீட்டு வானொலியைத் திட்டுவார். பிறகு ஒருநாள் எல்லாம் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். மனுஷன் ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அண்ணனுக்கு ஒரு நாய்க்குட்டி பாருங்க. நீங்க வேலைக்குப் போயிட்டா பேச்சுத்துணைக்கு ஒரு ஜீவன் வேணாமா?" நாய் எங்கேயடி பேசும் என்றேன். "அண்ணன் மட்டும் பேசறாரா?" என்றாள். வாயாடி. ஆனால் சொன்னதில் தப்பில்லை.

மார்ச் 6, வெள்ளி

அவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். இப்போது எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். முன்பு ஒரு திரைச்சீலை வாங்குவதற்கே அரைநாள் சண்டை போடுவார்.

மார்ச் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருக்கும் தையல்காரம்மா வீட்டில் ஆறு குட்டிகள். பிறந்து இன்று நாற்பத்தொன்பதாம் நாள். அவள் கணக்கில் குணம் பார்க்க இதுதான் நாள். "முன்னாடி பார்த்தா ஒண்ணும் தெரியாது. பின்னாடி பார்த்தா நாம பழக்கின குணமும் கலந்துடும்" என்றாள். ஆறும் ஒரே பழுப்பு. அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருந்தாள்.

குட்டி பார்த்திராத அறையில், பார்த்திராத ஆள்தான் சோதிக்க வேண்டுமாம். ஆகவே துணி வெட்டும் அறையில் நானும் குட்டியும் மட்டும். அவள் கதவிடுக்கில் நின்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் கூப்பிட்டுக்கொண்டே விலகிப் போக வேண்டும், வருகிறதா என்று பார்க்க. பிறகு கத்தரிக்கோலைத் தரையில் போட வேண்டும். கடைசியாகக் குட்டியை மல்லாத்தி, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து முப்பது எண்ண வேண்டும்.

மஞ்சள்நூல் அழுது ஊரைக் கூட்டியது. பச்சை முப்பது எண்ணும்வரை உதைத்தது. வெள்ளையும் கறுப்பும் என் புடவையைக் கிழிக்கப் பார்த்தன. சிவப்பு பதினைந்து வரை திமிறியது, என் விரலைக் கவ்விப் பார்த்தது, பிறகு உடம்பைத் தளர்த்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. நீலம் மட்டும் அசையவே இல்லை. கூப்பிட்டபோது வைத்த இடத்திலேயே நின்றது. கத்தரிக்கோல் விழுந்தபோதும் அப்படியே. மல்லாத்தினேன், ஒரு கால்கூட ஆடவில்லை. முப்பது என்ன, முந்நூறு எண்ணியிருந்தாலும் அப்படியேதான் கிடந்திருக்கும்.

"சிவப்பை எடுத்துக்கம்மா" என்றாள் தையல்காரம்மா. "திமிறிச்சு, அப்புறம் உன்னை நம்பி அடங்குச்சு பாரு. உடம்பு முடியாதவங்க இருக்கற வீட்டுக்கு அதுதான் தோது. நீலம் எனக்கே பிடிபடல."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்களை அசையாமல் படுக்கவைக்க நாளெல்லாம் தொண்டை வறளக் கத்துகிறவள், தானாகவே அசையாமல் கிடக்கும் ஒரு ஜீவனைப் பார்த்தால் வேறென்ன நினைப்பாள்? தங்கம் என்றுதான் நினைத்தேன். "என் பொழப்பே இதுதாம்மா, எனக்குத் தெரியும்" என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

கூடையில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தேன். வழிநெடுக மூச்சுப் பேச்சில்லை. பக்கத்து இருக்கைக்காரர் இறங்கும்போதுதான் கவனித்தார். "பொம்மைன்னு நினைச்சேங்க" என்றார். எனக்கு ஒரே பெருமை.

மார்ச் 9, திங்கள்

என்ன பெயர் வைக்கலாம் என்று அவரைக் கேட்டேன். உன் இஷ்டம். நீலம் என்றே இருக்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியில்தான். குரைப்பு இல்லை, ஓட்டம் இல்லை. செருப்பைக் கடிக்கும், திரையை இழுக்கும் என்று எல்லாவற்றையும் மேலே எடுத்து வைத்தது வீண். கிண்ணத்தை வைத்துவிட்டு நாம் அந்தப் பக்கம் போனால்தான் வாய் வைக்கிறது.

அவரும் இப்போது நாற்காலியை விட்டுக் கட்டிலுக்கு வந்துவிட்டார். மேலே அவர், கீழே அது. ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. நல்ல ஜோடி.

மார்ச் 18, புதன்

தூக்கினால் மூத்திரம் போய்விடுகிறது. குட்டிதானே.

மார்ச் 23, திங்கள்

கட்டுப்போடும் அறை நர்ஸிடம் நீலத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். சொன்னபடி கேட்கும் குட்டி என்றேன். "சொன்னா என்ன செய்யும்?" என்றாள். "ஒண்ணும் செய்யாது." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அடுத்த ஆளைப் படமெடுக்கும்போது கொஞ்சம் என்னவோபோல் இருந்தது. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

நல்ல நாள். ரொம்ப நாள் கழித்து இப்படி எழுதுகிறேன்.

காலையில் எழுந்து தானாகவே முகம் மழித்துக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். காப்பீட்டுக் காகிதங்கள், வீட்டுப் பத்திரம், மின்கட்டண ரசீதுகள், எல்லாம் தனித்தனி உறையில். ஒவ்வோர் உறையின் மேலும் இடது கையின் கோணல் எழுத்தில் என்ன ஏது என்று குறிப்பு. நான் உதவிக்குப் போனேன். "நீ உன் வேலையைப் பாரு, நான் முடிச்சுடறேன்" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார்!

மாலையில் நாத்தனாரும் அவள் புருஷனும் வந்தார்கள். தன் கைக்கடிகாரத்தை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். "எனக்கெதுக்கு மாப்ளே, இதைக் கட்டிவிடவே ஒரு ஆள் வேணும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தார்! நாத்தனார் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். "குட்டி வந்த வேளை அண்ணி" என்றாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நீலத்துக்குத் தடுப்பூசி போடும் நாள். கட்டிலுக்கு அடியில் கைவிட்டு இழுத்தேன். மணிக்கட்டில் கடித்துவிட்டது. சும்மா பல் படவில்லை, சதையில் இறங்கிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கட்டும் கட்டிக்கொண்டு, கூடையோடு நாய் டாக்டரிடம் போனேன்.

அவர் குட்டியை உடனே தொடவில்லை. மேசையில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது கல்லாக நின்றது.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஆமா டாக்டர், ரொம்பச் சாது. இன்னிக்குத்தான் என்னவோ..."

"அது நெஞ்சுல கைய வைங்க."

வைத்தேன். உள்ளே தையல் இயந்திரம் ஓடுவதுபோல் அடித்துக்கொண்டது. அத்தனை சின்ன உடம்பில்.

"கண்ணோரத்துல வெள்ளை தெரியுது பாருங்க. வாய் இறுகிக் கிடக்கு. இது அடக்கம் இல்லம்மா, பயம். ஓடவும் முடியல, எதிர்க்கவும் முடியல, அப்படியே உறைஞ்சு போயிடுது. பார்க்கறவங்க அமைதியான குட்டின்னு நினைச்சுக்குவாங்க."

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் கடிச்சுது?"

"இனிமே தப்பிக்க வேற வழி இல்லன்னு முடிவு பண்ணிடுச்சு."

அன்றைக்கும் என் உள்ளங்கை அதே நெஞ்சின் மேல்தானே இருந்தது? ஏன் எனக்குத் தெரியவில்லை? நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தெருவுக்கு வந்து பத்தடி நடந்திருப்பேன். அந்த உறைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றின் மேலும் குறிப்பு. யார் படிப்பதற்கு? கடிகாரம். தேறி வருகிற மனுஷன் எதற்குக் கடிகாரத்தைக் கொடுக்க வேண்டும்? கிடைத்த வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

நாற்காலியில் இருந்தார். கதவைச் சாத்தவில்லை, கூடையைக் கீழே வைக்கவில்லை, கேட்டுவிட்டேன். "என்னங்க, செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா?"

சன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு, "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

ஏப்ரல் 3, வெள்ளி

அடிப் பாவி. நாலு மாசமா என்னத்தைப் பார்த்துக்கிட்டிருந்தே? எலும்புல மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடிச்சுடுவேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே. நல்ல நாள்னு வேற எழுதி வச்சிருக்கே. அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

சேர்த்து வைத்திருந்ததை அவரே எடுத்துக் கொடுத்தார். என்னவென்று இங்கே எழுத மாட்டேன். வருகிற திங்கள்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு என்று இருந்தாராம். பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னார். நாத்தனாரும் மாப்பிள்ளையும் ஓடிவந்தார்கள். மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். மறுக்கவில்லை, 'உங்க இஷ்டம்' என்றார். படிவத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. மனைவி என்று எழுத வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

பார்வை நேரம் ஒரு மணி. ஒரு வார்த்தை இல்லை. மருந்து தூங்க வைக்கிறது. அங்கே இருக்கும் டாக்டர், "அவசரப்படாதீங்கம்மா" என்கிறார். அவசரமா? நான்கு மாதம் தாமதம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நீலம் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நான் வேலைக்கும் மருத்துவமனைக்கும் அலைகிறேன். துணைக்கு வந்திருக்கும் நாத்தனார் அதைக் கண்டாலே காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொள்கிறாள். தையல்காரம்மாவிடமே கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் சொல்லியிருந்தால் தேவலை. சொல்லவில்லை. "விட்டுட்டுப் போம்மா, பார்த்துக்கறேன்" என்றாள். தாய் நாய் வந்து முகர்ந்தது, உறுமியது, போய்விட்டது. நீலம் மூலையில் நின்றபடி நின்றது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். ஒரு பாரம் குறைந்தது என்றுதான் நினைத்தேன். நினைத்ததை எழுதித்தானே ஆக வேண்டும்.

ஏப்ரல் 16, வியாழன்

இன்றும் பேசவில்லை. நகம் வெட்டிவிட்டேன். ஐந்து விரல்தானே, சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 19, ஞாயிறு

பார்வை நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. நான் பையை எடுத்துவிட்டேன்.

"நீலம் சாப்பிடுதா?" என்றார்.

அங்கே சேர்ந்து பதினாறு நாளில் அவராகக் கேட்ட முதல் கேள்வி. சாப்பிடுது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இனி இந்த மனுஷனிடம் எதையும் மூடிப் பேசக் கூடாது என்று இருந்தேன். கொண்டுபோய் விட்டதைச் சொன்னேன்.

எழுந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவருடைய பழைய குரல். அச்சகத்து இயந்திரச் சத்தத்தைத் தாண்டி ஆளைக் கூப்பிடுகிற குரல்.

"தொந்தரவுன்னா கூடையில போட்டுக் கொண்டுபோய் விட்டுடுவியா? நாளைக்கு என்னையும் அப்படித்தானே?" இடது கையால் மேசையில் ஓங்கி ஒரு குத்து. தண்ணீர் டம்ளர் உருண்டு ஓடியது. "ரெண்டு தடவை தள்ளிப்போட்டேன்டி. எதுக்குன்னு நினைச்சே, உனக்காகவா? அது கட்டிலுக்கு அடியில மூச்சு விட்டுக்கிட்டுக் கிடந்துச்சு. கேட்டுக்கிட்டே கிடப்பேன். நான் பாட்டுக்குப் போயிட்டா, ஆளுங்க திமுதிமுன்னு உள்ள வருவாங்க, அது என்ன ஆகும்?"

நர்ஸ் ஓடிவந்து, "நேரமாச்சுங்க, நீங்க கிளம்புங்க" என்று என்னைத் தள்ளாத குறையாகக் கதவுக்குக் கொண்டுபோனாள். அவர் விடவில்லை.

"நான் வர்றதுக்குள்ள அது வீட்ல இருக்கணும்! கேட்டுதா?"

வாசலுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். 'உனக்காகவா' என்று கேட்டது வலிக்கிறது. இருபத்தோரு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு வலிக்காதா? வலிக்கட்டும். நான் வர்றதுக்குள்ள என்றாரே. வருவேன் என்கிறாரே. காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "வீட்டுக்காரர் ரொம்பத் திட்டிட்டாராம்மா? சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார். "ஆமாங்க, நல்லாத் திட்டினார்" என்றேன்.

நேராகத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். நீலம் துணி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. விலா எலும்பு எண்ணும்படி இளைத்திருந்தது. கை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு தரையிலேயே படுத்துவிட்டேன். தையல்காரம்மா என்னைத் தாண்டித் தாண்டிப் போய் வேலை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அது மூட்டையை விட்டு வெளியே வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அவர் படுக்கும் பக்கம். நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன், யாரும் உள்ளே கைவிடக் கூடாது.