அடி இலை

செப்டம்பர் 9

கிழக்குப் பகுதியில் இலை சிவந்துவிட்டது. நான் ஒட்டுக் கட்டிய அறுநூற்று நாற்பது கொடிகளில் பாதிக்கு மேல். பழம் பறிக்க வந்தவர்கள் அழகாக இருக்கிறதென்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தேன். நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு, ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது. ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்தேன். இனிப்பே ஏறவில்லை.

போன வருஷம் முதலாளி சொல்லித்தான் முப்பது வருஷத்துப் பச்சைத் திராட்சையை இடுப்பளவில் வெட்டி, அதன் மேல் கருந்திராட்சையை ஒட்டினேன். பட்டுப்போனது பதினொன்றுதான். பத்தொன்பது வருஷமாக இந்தத் தோட்டத்தில் ஒட்டுக் கட்டுகிறேன், இந்தக் கணக்கு எனக்கே புதுசு. (இங்கே எழுதலாம். வெளியே சொன்னால் தலைக்கனம் என்பார்கள்.)

செப்டம்பர் 12

முதலாளி வரிசை வரிசையாக நடந்தார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒட்டு சரியாச் சேரலம்மா. இந்தத் தடவ உன் கை ஏமாத்திருச்சு."

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். பஸ் ஓட்டிக் களைத்து வந்த என் வீட்டுக்காரர், எந்தப் பாத்திரம் என்ன தப்பு செய்தது என்று கேட்டார்.

செப்டம்பர் 13

கத்தியா? ஒட்டைச் சுற்றிக் கட்டும் நாடாவை இறுக்கிவிட்டேனா? இத்தனை கொடியிலுமா?

செப்டம்பர் 16

இலையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாராம், ஏதாவது வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க. நல்ல மனுஷர்தான். கோபம் வந்தாலும் ஒரு வழி விட்டு வைப்பார்.

செப்டம்பர் 26

முடிவு வந்தது. வைரஸ் எதுவும் இல்லை.

அப்படியென்றால் மிச்சம் இருப்பது என் கைதான். நாளையிலிருந்து பெட்டி ஒட்டும் கொட்டகைக்குப் போகச் சொல்லிவிட்டார் மேஸ்திரி. ஒட்டிலிருந்து அட்டைப் பெட்டிக்கு - நல்ல பதவி உயர்வு. அதைக்கூட மென்று முழுங்கிவிடுவேன். ஆனால் குளிர்காலத்தில் இதே கருங்கொடிகளிலிருந்து குச்சி வெட்டி, வேறு ஆளை வைத்து ஒட்டி, மேற்கே நாலு ஏக்கர் நடப்போகிறாராம். கொடி நல்லது, ஒட்டுத்தான் கெட்டது என்கிறார். ஆய்வுக்குத் தப்பிய நோயாக இருந்துவிட்டால்? குச்சி வெட்டும்போது இலை உதிர்ந்திருக்கும். நோய்க் குச்சிக்கும் நல்ல குச்சிக்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

செப்டம்பர் 29

ரொம்பச் சிவந்த கொடி ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, ஒட்டு இருக்கும் இடத்தில் நெடுக்காக அறுத்தேன். என் வேலையை நானே அறுத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அழுகலோ கறுப்போ இருந்தால் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒன்றும் இல்லை. பழைய கட்டையும் புதுக் குச்சியும் எங்கே சேர்ந்தன என்றே தெரியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன், அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரரிடம் காட்டினேன். "தையல் எங்கேன்னே தெரியலயே, எந்த டெய்லர்கிட்டக் குடுத்தே?" என்றார்.

அக்டோபர் 3

ஆய்வுக்கூடத்துக்கு நானே போன் செய்தேன். அங்கே ஒரு அம்மா எடுத்தார். எந்த இலையை அனுப்பினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். எனக்குத் தெரியாது. இருங்கள் என்று சொல்லிவிட்டு, போனோடு முதலாளி அறைக்கு ஓடி அவரிடம் நீட்டினேன்.

"நல்ல இலையாப் பாத்துத்தான் அனுப்பினேன். நுனியில தளதளன்னு இருந்ததுங்க. ஈரத்துணியில சுத்தி அனுப்பினேனே" என்றார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போட்டோ அனுப்புவது போலத் தேடித் தேடி எடுத்திருக்கிறார்.

போனைத் திரும்ப வாங்கினேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. நுனி இலையில் வைரஸ் பிடிபடாமல் போகும், அடியில் இருக்கும் முதிர்ந்த இலை வேண்டும், காம்போடு வேண்டும் என்றார். ஒட்டுக்குக் கீழே என்ன கொடி என்றும் கேட்டார். சொன்னேன். பச்சைத் திராட்சையின் இலை சிவக்காது, நோய் உள்ளேயே பல வருஷம் இருக்கலாம், கருந்திராட்சையை ஒட்டினால் அது மேலே ஏறி வெளியே தெரியும் என்றார்.

முதலாளியிடம் அதைச் சொல்லிவிட்டு, அறுத்த கட்டையை அவர் மேஜையில் வைத்தேன். ஒட்டைத் தேடி விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "இன்னொரு தடவ அனுப்பு" என்றார்.

அக்டோபர் 6

ஒரு பையில் கிழக்குக் கொடிகளின் அடி இலை. ஒரு பையில் வேலியோரம் வெட்டாமல் விட்ட பழைய பச்சைத் திராட்சை. மூன்றாவது பை - எழுதத் தயக்கமாக இருக்கிறது - என் வீட்டுச் சமையலறை வாசலில் நிற்கும் கொடி. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அந்தப் பழைய கொடியிலிருந்து வெட்டி வந்த குச்சி. அதிலிருந்து தெருவில் மூன்று வீட்டுக்குக் குச்சி கொடுத்துப் பெருமை அடித்துக்கொண்டவள் நான்தான். அதை அனுப்பாவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 19

மூன்றிலும் இருக்கிறது. இலைச்சுருட்டு வைரஸ்.

முதலாளி இரண்டு தடவை படித்தார். நேராகப் பெட்டிக் கொட்டகைக்கு வந்து, எல்லார் முன்னாலும் சொன்னார். "இவ கை மேல தப்பில்ல. தப்பு என் கொடியிலதான் இருந்திருக்கு. நான்தான் பாக்கல."

இதற்கு மருந்து கிடையாது. கிழக்குப் பகுதி முழுக்க வேரோடு போகிறது, என்னுடைய அந்த நல்ல வருஷமும் சேர்ந்து. மேற்கே நடுவதை நிறுத்திவிட்டார். எனக்கு இன்றைக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. கூடவே துக்கமும்.

அக்டோபர் 21

வாசல் கொடியைப் பிடுங்கினோம். வீட்டுக்காரர் மதியத்தில் அதன் நிழலில்தான் கட்டில் போடுவார். அவரே கடப்பாரையைப் பிடித்தார். மூன்று வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். இரண்டு வீட்டில் பிடுங்கச் சம்மதித்தார்கள். எதிர் வீட்டு அக்கா, "காய்க்கிற கொடிய நீயே குடுத்துட்டு நீயே பிடுங்குறியா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நாளைக்கும் போவேன்.

மார்ச் 24

புது நோட்டு. கத்தி திரும்ப என் கைக்கு வந்துவிட்டது. சோதித்து அனுப்பிய கருந்திராட்சைத் தாய்க்கொடிக் குச்சி, சோதித்த வேர்க்கட்டை. மேற்கே நடுவதற்கு இன்றைக்கு நூற்றுப் பத்து ஒட்டு.

மார்ச் 25

நூற்று முப்பத்தாறு. விரல் மடங்கவில்லை. எதிர் வீட்டு அக்கா கொடியைப் பிடுங்கிவிட்டு, புதுக் குச்சி எப்போது தருவாய் என்கிறார்.

செப்டம்பர் 14

மேற்கே நட்டு இது இரண்டாவது செப்டம்பர். ஆய்வுக்கூடத்துக்கு இலை அனுப்பும் நாள். இலை பறிக்க மேஸ்திரி ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார். முதலாளி அவரைத் திரும்பக் கூப்பிட்டு, அவர் கையிலிருந்த பைகளை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"இலைய நீயே பறிம்மா. எனக்கு நல்ல இலைதான் கண்ணுல படுது."

ஒவ்வொரு கொடியாகக் குனிந்து, அடியிலிருந்து பறித்தேன். பச்சையாகத்தான் இருந்தன.