பதினாலாம் எண் வீட்டுத் தாள்

1961 பிப்ரவரி 15, புதன்

காலையில் பனி. நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து நேரே பள்ளிக்கூடம். நான்கரைக்கு மேல் ஜனத்தொகைக் கணக்கு. ஏழு வீடு முடிந்தது. பாப்பாவுக்கு மூக்கடைப்பு. லூர்து (இவருடைய தங்கை) தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள். வீடே அந்த வாசனை.

அச்சடித்த சீட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். அதனால் முதலில் ரஃப் நோட்டு, எல்லாரும் படுத்த பிறகு சீட்டில் நகல். நோட்டில் வீட்டுக்கு ஒரு தாள், சீட்டு ஆளுக்கு ஒன்று. டீச்சர் புத்தி.

9-ம் எண், மெக்கானிக் மனைவி. வயதைச் சொல்லக் கால் மணி நேரம். கடைசியில் நாற்பத்திரண்டு. "வெளியில முப்பத்தஞ்சுதான் டீச்சர். போட்டுக் குடுத்துறாதீக."

14-ம் எண். ஒரு பெண், நாலு வயது மகள். வெங்காய மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் கொழும்பில் என்று தெருவுக்குச் சொல்லியிருக்கிறாள். மணமானவரா, விதவையா, பிரிந்தவரா என்று கேட்டேன். மகளை உள்ளே போகச் சொன்னாள். சட்டத்தை எடுத்துச் சொன்னேன். இந்தச் சீட்டைக் கோர்ட்டில்கூடக் காட்ட முடியாது, பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

"நெசமாத்தானுங்களா?"

"சட்டத்துலயே இருக்கும்மா."

அப்புறம் சொன்னாள். புருஷன் பழனியில் லாட்ஜ் வைத்திருக்கிறான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எட்டு மாதம். ரவிக்கைக் கையை ஒதுக்கிக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருக்கிறது.

"கண்டுபிடிச்சான்னா கொன்னு போடுவானுங்க. புள்ளையவும்."

நல்ல வேளை, என்னிடமாவது மனம் விட்டுச் சொன்னாளே என்று இருந்தது.

பிப். 18, சனி

வெயில் ஏறிவிட்டது. சீட்டுகள் நகல் முடிந்தது. இரவு மணி பன்னிரண்டு. விரல் வலி. ரஃப் நோட்டைச் சூப்பர்வைசர் பார்த்த பிறகு கிழிக்கலாம். அலமாரியில், நான் திருத்திய பழைய நோட்டுகளோடு வைத்திருக்கிறேன்.

வாங்க: சீரகம், மண்ணெண்ணெய், பாப்பாவுக்குக் கிரைப் வாட்டர்.

பிப். 20, திங்கள்

எழுத்து கோணல்.

சாயங்காலம் ரசத்துக்குச் சீரகப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே என் எழுத்து. "வீட்டு எண் 6. வயது 51. எழுதப் படிக்கத் தெரியாது." 

லூர்து இன்று காலைதான் நோட்டைப் போட்டாளாம். பழைய பேப்பரோடு சேர்த்து முக்குக் கடைக்கு. "திருத்தின நோட்டுதானே மதினி? போன வருசமும் நாந்தான போட்டேன்!" அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானே அங்கே வைத்தேன்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓட்டம். அண்ணாச்சி சிரிக்கிறார்.

"வாங்க டீச்சர். மெக்கானிக் வீட்டம்மாவுக்கு நாப்பத்திரண்டாம்ல! இம்புட்டு நாளா எங்கிட்ட முப்பத்தஞ்சுன்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு!"

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. மிச்சத் தாள்களைக் கேட்டு வாங்கினேன். வீட்டில் வந்து அடுக்கினேன். ஐந்து தாள் இல்லை. 2, 9, 11, 14, 17.

14.

அதன் ஓரத்தில் நான் எழுதியது: "கணவன் பழனி, லாட்ஜ். இங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது." எதற்கு எழுதினேன்? நாளைக்கு அந்தத் தெருவில் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்கு நானே நினைவுக்கு எழுதிக்கொண்டது. மேலே அவள் பெயர், தெரு, வீட்டு எண். அவள் பெயரை இந்த டைரியில் எழுதப் போவதில்லை.

திரும்பவும் கடை. "ஒரு கத்தைக் காயிதத்தக் கடலைக்காரி வாங்கிட்டுப் போனா டீச்சர், பஸ் ஸ்டாண்டுல விக்கிறவ. என்ன, பரிச்சைக் காயிதமா?"

பஸ் ஸ்டாண்டு. அங்கேதான் பழனி பஸ் நிற்கும்.

பிப். 21, செவ்வாய்

பள்ளிக்குக் காய்ச்சல் என்று சீட்டு அனுப்பிவிட்டு பஸ் ஸ்டாண்டு. வெயில், டீசல் புகை. கடலைக்காரி கூடையில் கூம்புக் கூம்பாகப் பொட்டலம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

"வீட்டுல விசேசமா ஆத்தா?"

பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மடி நிறையக் கடலை. 2 கிடைத்தது, 17 கிடைத்தது. 9-ம் 11-ம் முந்தின நாளே விற்றுப் போயிருக்கும், காலடியில் கசங்கிக் கிடந்தவற்றைப் பொறுக்கினேன். 14 இல்லை. கடலைக்காரியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"என்னத்தக் கண்டேன், எனக்குப் படிக்கவா தெரியும்? எல்லாரும் தின்னுட்டுக் கசக்கிப் போட்டுட்டுப் போவாக. நேத்து ஒரு கண்டக்டருதான் விரிச்சு வச்சுப் படிச்சாரு. ரெண்டு தரம் படிச்சாரு. அப்பறம் மடிச்சுச் சட்டப் பையில வச்சுக்கிட்டாரு."

"எந்த பஸ்ஸு கண்டக்டர்?"

"பழனி வண்டிதான்."

பாப்பா வயதுக் குழந்தை ஒன்று பக்கத்தில் அழுதுகொண்டே இருந்தது, யாரும் தூக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். சாப்பாட்டில் கை வைத்தபடியே இருந்தார். ரெயில்வே பார்சல் ஆபீஸ்காரர், எதற்கும் அதிர்ந்து பேச மாட்டார்.

"வெளிய மூச்சு விடாத. கணக்கு விவரம் வெளிய போச்சுன்னா தண்டனை உனக்குத்தான். வேலை போயிரும். கைக்குழந்தைக்காரி ஜெயிலுக்கா போகப்போற?"

"அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"வேற காயிதமாக்கூட இருக்கும். கண்டக்டர் கணக்குப் போட எடுத்துருப்பான்."

இருக்கலாம். சாமி, அப்படியே இருக்கட்டும். ஆனால் யாரும் இரண்டு தரம் படித்துவிட்டுக் கணக்குப் போட எடுக்க மாட்டார்கள்.

பிப். 22, புதன்

சொல்லிவிட்டேன். இவருக்குத் தெரியாது.

மண்டி விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை வாசலில் வெங்காயச் சருகை ஊதி விளையாடிக்கொண்டிருந்தது. நின்றபடியே ஒப்பித்தேன்: நோட்டு, கடை, கடலை, கண்டக்டர். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னைக்குங்க படிச்சான்?"

"திங்கக்கிழமை."

கொடியில் கிடந்த துணியை எடுக்க ஆரம்பித்தாள். ஈரம் காயாத பாவாடையையும் மடித்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை, அவ்வளவுதான் வீடு.

"எங்கம்மா போவ? சொல்லு, நான் எதாவது..."

"சொல்ல மாட்டனுங்க. உங்களுக்கு எழுதுற பழக்கம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வழியில் வரும்போதுதான் என் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

பிப். 23, வியாழன்

14-ல் பூட்டு. மெக்கானிக் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நியாயம்.

மார்ச் முதல் தேதி சூரிய உதயத்தில் யார் யார் எந்த வீட்டில் இருக்கிறார்களோ அதுதான் கணக்கு. அதற்கு முன்பே போனவர்கள் சீட்டை அடித்துவிட வேண்டும். இரண்டு சீட்டு. இன்னும் அடிக்கவில்லை. பாப்பாவுக்கு இருமல்.

பிப். 26, ஞாயிறு

பூசை முடிந்து நான் மட்டும் முன்னால் வந்தேன். இவர் காய்கறிக்கு. முன்னறையில் நாற்காலியில் ஒரு ஆள். வெள்ளைச் சட்டை, விபூதி, கையில் காபி டம்ளர். மடியில் பாப்பா.

லூர்து சிரித்துக்கொண்டே வருகிறாள். "உங்க பள்ளிக்கூடத்துக்கு வேண்டியவுகளாம் மதினி. செத்த நேரமாக் காத்திருக்காக."

"வணக்கமுங்க டீச்சர். பாப்பாவுக்குப் பத்து மாசமுங்களாமா. ஐயாவுக்கு ரெயில்வே பார்சல் ஆபீசுங்களாம், எட்டு மணிக்குப் போனா ஆறுக்குத்தான் வருவாராம். தங்கச்சி எல்லாஞ் சொல்லுச்சுங்க." பாப்பாவின் காலைப் பிடித்து மெதுவாக ஆட்டினான். "பதினாலாம் நெம்பர்ல பூட்டுப் போட்டிருக்குதுங்க. தெருவுல கேட்டா, டீச்சரக் கேளுங்க, கணக்கெடுத்தவங்க, கடைசியா அந்த வீட்டுக்குப் போனதும் அவங்கதான்னாங்க."

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க. சட்டம்."

"சட்டந்தானுங்க. நானும் சட்டம் பேசறவன்தான்." சிரித்தான். பாப்பாவைக் கீழே விடவில்லை. பாப்பா அவன் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துக்கொண்டிருந்தது. "ஊரு பேரு மட்டும் சொல்லுங்க, போயிடறனுங்க. எம்பட பொண்ணுங்க அது. நீங்களும் தாயார்."

லூர்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கைகள் இரண்டையும் நீட்டினேன். அவன் தரவில்லை.

"வத்தலக்குண்டு," என்றேன். "வத்தலக்குண்டு பஸ்ஸுல ஏறினதாக் கேள்வி."

அவனைக் கிளப்பினால் போதும் என்று வாயில் வந்த ஊர். அவன் பாப்பாவை என் கையில் கொடுத்தான். டம்ளரைக் கீழே வைத்தான், கும்பிட்டான், போனான். தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிழைத்தோம் என்று பாப்பாவை இறுக்கிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் உறைத்தது. அவள் எந்த ஊருக்குப் போனாள் என்று எனக்குத் தெரியாது. வத்தலக்குண்டு இல்லை என்பதும் எனக்குத் தெரியாது.