ஆறடி வயர்

பிப்ரவரி 12, வியாழன்

இன்று மாமாவின் வண்டி ஸ்பீக்கர் கடையில் நான் வாய் திறந்துவிட்டேன்.

தாதா, அதாவது அண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் பெங்காலி டிரைவரின் ஜீப்பில் மாமா ஆம்ப்ளிஃபயரைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். பாட்டுக்கு நடுவே டிரம் அதிரும்போதெல்லாம் அது அணைந்துபோனது. முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து பதினைந்தடி மெல்லிய வயர். கரண்ட் எப்படிப் போதும்? தடித்த வயர் அந்தமானின் இந்த ரங்கத் ஊரில் எங்குமே இல்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

"கல் ஷாதி ஹை, பாய்!" என்று தாதா கத்தினார். நாளைக்குக் கல்யாணமாம்; மாப்பிள்ளையைப் பாட்டு இல்லாமல் மாயாபந்தர் ஊருக்குக் கூட்டிப்போக முடியாதாம். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்.

கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் வயர் அட்டவணையைத் தரை பெருக்கும்போதெல்லாம் படிப்பேன். நீளம் கூடினால் தடிமனும் கூட வேண்டும். அப்படியென்றால் நீளத்தைக் குறைத்தால்?

"மாமா, ஸ்பீக்கர் பின்னாலயே இருக்கட்டும். ஆம்ப மட்டும் டிரைவர் சீட்டுக்கு அடியில வச்சா இந்த வயரே ஆறடி போதும்."

"என்ன முனகுற? சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். மாமா அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த வெளக்கமாத்தக் கீழ போடு" என்று கட்டரை நீட்டினார்.

நானே வெட்டினேன். நானே பூட்டினேன். பாட்டைச் சத்தமாக வைத்துப் பார்த்தோம், ஒரு தடவைகூட அணையவில்லை! தாதா கடை வாசலிலேயே ஆடினார்.

"நாளைக்கு ஒரு ஆட்டோ வருது. எந்த வயருன்னு நீயே பேசி முடிவு பண்ணு" என்றார் மாமா.

முன்பின் தெரியாதவரிடம் நானே பேச வேண்டும். அதை நினைத்தால்தான் கொஞ்சம்… இருந்தாலும் அளவு டேப்பை இப்போதே தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.